படங்குக்குப் பின்னால் ஆறு கைகள்

1961ஆம் வருடம், தை மாதக் கடைசியில், இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் கல்லாத்துத் தோட்டத்தில் சண்முகவடிவுக்கு ஒரே காலையில் பன்னிரண்டு வயது கூடிப்போனது.

நடந்தது பெரட்டுக் களத்தில். விடிந்ததும் ஆட்களெல்லாம் வந்து நின்று, இன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று தெரிந்துகொண்டு போகிற இடம் அது. அன்றைக்கு வேலை பிரிப்பதற்கு முன்னால் புதுக் கண்டாக்கு நல்லமுத்து ஒரு மேசையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார். கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மலை வேலை முழுவதும் அவர் பார்வையில் நடக்கிற விஷயம். தோட்டத்தை நடத்தும் துரைக்கு அடுத்து அவர் சொன்னதுதான்.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களின் பேரை வெட்டி ஓய்வில் அனுப்பிவிட வேண்டும் என்று துரை தீர்மானித்திருந்தார். அதற்கு எல்லாருடைய வயதும் எழுதிய பட்டியல் ஒன்று தேவைப்பட்டது. தோட்டத்திலேயே பிறந்தவர்களில் சிலரிடம் பிறப்புப் பத்திரம் இருந்தது. பாதிப் பேரிடம் ஒன்றுமில்லை. அவர்களுக்கு நல்லமுத்து ஒரு வழி வைத்திருந்தார். முகத்தைப் பார்ப்பார், எழுதிவிடுவார்.

"ஒரு ஆளு மூஞ்சியப் பார்த்தா போதும், வயசு என்னான்னு சொல்லிருவேன்" என்பது அவர் அடிக்கடி சொல்லுகிற பேச்சு.

சண்முகவடிவின் முறை வந்தது. நல்லமுத்து மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"அம்பத்தெட்டு" என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"என்னாங்கையா அது?"

"வயசு."

"யாரு வயசுங்க?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நல்லமுத்து சிரிக்கவில்லை.

"எனக்கு நாப்பத்தாறுங்க" என்றாள் சண்முகவடிவு.

"கடுதாசி இருக்கா?"

"பொறந்தது மணப்பாறைப் பக்கமுங்க. மூணு வயசுல எங்காத்தா இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு வந்துச்சு. மண்டபம் முகாமுல ஊசி போட்டாங்க, கப்பல்ல ஏத்துனாங்க. கடுதாசி யாரு குடுத்தா?"

"ஒரு மாசத்துல இந்தப் பட்டியல் தொரைகிட்ட போவும். அதுக்குள்ள ஏதாச்சும் அத்தாட்சி கொண்டா. இல்லாட்டி எழுதுனது எழுதுனதுதான்."

மலை ஆட்கள் முடிந்து ஸ்டோர் ஆட்கள் வந்தார்கள். தேயிலை ஆலையைத்தான் அங்கே ஸ்டோர் என்பார்கள். அதில் சண்முகவடிவின் புருஷன் பழனியாண்டியும் இருந்தான். கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மேல்மாடியில் அவனுக்கு இருபத்தேழு வருடமாக வேலை. அந்த மாடிக்கு வெயில் வராது, மழை வராது, காற்றுகூட விசிறி கொடுத்தால்தான் வரும். அங்கே கொழுந்து வாடியதே தவிர பழனியாண்டி வாடவில்லை. கன்னம் இரண்டும் வழுவழுவென்று, நெற்றியில் ஒரு கோடு இல்லாமல் இருந்தான்.

"நாப்பத்தொண்ணு" என்று எழுதினார் நல்லமுத்து.

அவனுக்கு உண்மையில் நாற்பத்தொன்பது. அதை அவனே அங்கே சொல்லியிருக்கலாம். "சரிங்கையா" என்று மட்டும் சொல்லிவிட்டு நல்ல பிள்ளையாக நகர்ந்து போனான்.

சாயங்காலம் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பியவன், தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழையும்போதே குரல் கொடுத்தான்.

"அக்கா, தேத்தண்ணி இருக்கா?"

லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பது கூரைவரை எட்டாத சுவர். அந்தப் பக்கம் இருந்த அம்மாக்கண்ணு சிரித்த சிரிப்பு அப்படியே தாண்டி வந்தது. அம்மாக்கண்ணுக்குத் தெரிந்தால் லயம் முழுக்கத் தெரிந்த மாதிரி. மறுநாள் காலையில் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனபோது, பதினேழு வயது இளைய மாப்பிள்ளையை எப்படிப் பிடித்தாய் என்று நாலு பேர் விசாரித்தார்கள்.

சண்முகவடிவு அழுகிற ஆள் இல்லை. புருஷனுக்குச் சீனி போடாத தேத்தண்ணியாக இரண்டு நாள் கொடுத்தாள். அவனும் எதுவும் தெரியாத மாதிரி குடித்தான். ஆனால் மூன்றாம் நாள், யாரும் இல்லாத நேரத்தில், கதவோரம் தொங்கிய கண்ணாடியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பொட்டு வைக்கிற இடத்தைத் தவிர மற்ற இடத்தை அந்தக் கண்ணாடியில் பார்த்து எத்தனையோ வருடமாயிற்று.

கூடைக் கயிறு அழுத்தும் இடத்தில் நெற்றி தடித்துக் கறுத்திருந்தது. கண்ணோரத்தில் கோழி கிளறின மாதிரிக் கோடுகள். கன்னத்தில் பழுப்புப் புள்ளிகள். கழுத்துத் தோல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருந்தது. நல்லமுத்துவைத் திட்டுவதற்காகக் கண்ணாடியை எடுத்தவள், திட்டாமலேயே திரும்ப மாட்டினாள்.

பேர் வெட்டினால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். பத்து வயதிலிருந்து மலையில் நின்றவள். கொழுந்தெடுப்பில் அவள் கைக்கு ஈடாகக் கல்லாத்தில் இரண்டு பேர்கூட இல்லை. சும்மா இருக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை டிக்கோயாக் கடைத்தெருவுக்குப் போனாள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒருவன் தரையில் துணி விரித்துச் சின்னச் சின்னப் போத்தல்களை அடுக்கி வைத்துக் கத்திக்கொண்டிருந்தான். எந்த ஊரான் என்று யாருக்கும் தெரியாது. போத்தலில் பேரும் இல்லை.

"ஏழே நாள்! கெழவி பூசுனா கொமரி! பூசிப் பாரு, புருஷன் அடையாளம் தெரியாம முழிப்பான்!"

புருஷன் முழிப்பான் என்ற இடத்தில் சண்முகவடிவு நின்றாள். இரண்டு போத்தல் வாங்கினாள்.

ஒருநாளைக்கு ஒருமுறை என்று அவன் சொன்னான். அவசரக்காரி, மூன்றுமுறை பூசினாள். பூசிக்கொண்டு மலைக்கும் போனாள். அந்தப் பருவத்தில் ராத்திரியெல்லாம் பனி கொட்டும், பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். நாலாம் நாள் முகம் எரிந்தது. வேலை செய்கிறது என்று நினைத்தாள். ஐந்தாம் நாள் சிவந்தது. நிறம் மாறுகிறது என்று நினைத்தாள். ஆறாம் நாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. கன்னத்துத் தோல் துண்டு துண்டாகக் கழன்று வந்தது.

பழனியாண்டி அவளைப் பார்த்து, "என்னா இது, உரிச்ச உருளக்கெழங்கு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். அவன் முகமும் மாறிப்போயிற்று. வேலைக்குப் போகாமல், ஒரு கம்பளியை அவள் தலையில் போர்த்தி, கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வழியில் ஒரு வார்த்தை கேலி இல்லை. அதுவே சண்முகவடிவுக்குப் பயமாக இருந்தது.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிஸ்பென்சர் கணேசமூர்த்திக்கு நாற்பது வயதிருக்கும். முன்னே கடலோரத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மலைக்கு வந்தவர். போத்தலை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். எழுந்துபோய்ப் பின்பக்கத்துக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டு வந்தார்.

"தோல அரிக்கிற மருந்து ஏதோ கலந்திருக்கான். மேல்தோல உரிச்சுட்டா உள்ள இருக்கிறது செவப்பா, புதுசாத் தெரியும். அதக் காட்டி ஏமாத்துறது" என்றார். "உரிச்ச தோலோட வெயில்ல வேற நின்னிருக்க."

ஆறவைத்த தண்ணீரில் முகத்தைத் துடைத்து, வாசனை இல்லாத வெள்ளைக் களிம்பைத் தடவினார். பத்து நாளைக்கு நிழலில் இருக்கச் சொன்னார்.

"ஐயா, ஒண்ணு கேக்கவா?" என்றாள் சண்முகவடிவு. "இவரு என்னைவிட மூணு வயசு மூப்பு. இவரு மூஞ்சி மட்டும் எப்படிங்க இப்படி இருக்கு? ஒரே சோத்தத்தான் திங்கிறோம்."

கணேசமூர்த்தி பழனியாண்டியைப் பார்த்தார். பழனியாண்டி கூரையைப் பார்த்தான்.

"கையக் கொண்டா" என்றார் டிஸ்பென்சர். அவள் முன்கையை மேசைமேல் வைத்தாள். புறங்கைத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டார். அது கூடாரம் மாதிரி நின்று, சோம்பேறித்தனமாகக் கீழே படிந்தது. "இப்ப ரவிக்கைக் கையக் கொஞ்சம் மேல ஏத்து. அக்குளுக்குக் கிட்ட, உள்பக்கம்."

கூச்சத்தோடு ஏற்றினாள். அந்த இடத்தைப் பார்த்து அவளே திகைத்துப்போனாள். வெளுப்பாக, வழுவழுப்பாக, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது. வேறு யாருடைய கையையோ ஒட்டவைத்த மாதிரி.

"ரெண்டும் ஒன் கைதான், ரெண்டுக்கும் ஒரே வயசுதான்" என்றார் கணேசமூர்த்தி. "ஸ்டோர்ல சாக்கு இருக்கில்ல, பழனியாண்டி? ஒரு சாக்க மடிச்சு உள்ள வையி, இன்னொண்ண ஒரு வருசம் வெளிய வெயில்ல போடு. எது முதல்ல கிழியும்?"

"வெளிய போட்டதுங்க."

"அதான். தோலுக்கு மேல ஒரு மெல்லிசான படை. அது தேஞ்சு உதிர்ந்துக்கிட்டே இருக்கும், கீழேருந்து புதுசு வந்துக்கிட்டே இருக்கும். அதுக்கடியில தடிப்பா ஒண்ணு, சாக்கு மாதிரி நார் நாரா நெய்ஞ்ச மாதிரி இருக்கும். இழுத்தா திரும்பிப் போறது அந்த நாராலதான். அதுக்கும் கீழ கொழுப்பு, மெத்தை மாதிரி. வயசாக ஆக மேல்படை புதுசாவுறது மெதுவாயிரும், எண்ணெய் சுரக்கிறது கொறையும், நாரு தளரும், மெத்தை இளைக்கும். இது எல்லாருக்கும் வர்றது, எனக்கும் வரும், தொரைக்கும் வரும். ஆனா வெயிலு இருக்கே, அது நாரையே அறுக்கும். நான் முன்னே இருந்த ஊர்ல கடல்ல மீன் பிடிக்கிறவங்களப் பார்த்திருக்கேன். முப்பது வயசுக்காரன் அறுவது மாதிரி இருப்பான். சட்டையக் கழட்டுனா முதுகும் மூஞ்சியும் ரெண்டு பேருக்குச் சொந்தமான மாதிரி இருக்கும். முப்பத்தாறு வருசம் மலையில வெயிலும் பனியும் காத்தும் வாங்குன மூஞ்சி ஒன்னோடது. இவன் மூஞ்சி நிழல்ல மடிச்சு வச்ச சாக்கு."

"கேட்டுக்கோங்க, சாக்காம்" என்றாள் சண்முகவடிவு. வீங்கின கண்ணோடு அன்றைக்குத்தான் முதல்முறை சிரித்தாள்.

முகம் ஆறியபிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். கூடைக் கயிற்றுக்கு அடியில் போடுகிற துணியை நெற்றிக்கு முன்னால் நாலு விரல் நீட்டி மடித்துப் போட வேண்டும், முகத்தில் நிழல் விழ வேண்டும். கழுத்தையும் மூட வேண்டும். துணி துவைக்கிற சவர்க்காரத்தை முகத்துக்குப் போடக்கூடாது. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றக்கூடாது, அது இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். குளித்து ஈரம் காயுமுன்னே தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவ வேண்டும். அடுப்புப் புகைக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு ஊதக்கூடாது. கீரை, பழம் எது கிடைத்தாலும் தின்ன வேண்டும்.

"இதெல்லாம் செஞ்சா மொகம் பழையபடி வந்துருமுங்களா?"

"வராது" என்றார் கணேசமூர்த்தி, பொய் சொல்லாமல். "விழுந்த கோடு விழுந்ததுதான். இனிமே விழப்போறது தாமதமா விழும். எரிச்சல், வெடிப்பு இல்லாம இருக்கும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

சண்முகவடிவு ரவிக்கைக் கையை இறக்காமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப, என் சரியான வயசு இந்த இடத்துலதான் இருக்குதுங்களா?"

"கிட்டத்தட்ட."

"அதக் கண்டாக்கையாவுக்கு எழுதித் தருவீங்களா?"

எழுதிக் கொடுத்தார். பழனியாண்டி கொண்டுபோனான். நல்லமுத்து படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "டிஸ்பென்சர மருந்து கலக்கச் சொல்லு. கையப் பார்த்து வயசு சொல்றதா? நான் இருவத்திரெண்டு வருசமா ஆள் பாக்குறேன்."

பழனியாண்டி வந்து அதை அப்படியே சொன்னான். இந்தமுறை அவனுக்கே கோபம் வந்திருந்தது.

பத்து நாள் சண்முகவடிவு நிழலில் இருந்தாள். வாழ்நாளில் இப்படி உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்தாள். பதினோராம் நாள், தோல் ஆறிய முகத்தோடு, துணியை நெற்றிக்கு முன்னால் நீட்டி மடித்துப் போட்டுக்கொண்டு, நேரே நல்லமுத்துவிடம் போய் நின்றாள்.

"ஐயா, மூஞ்சியப் பார்த்து வயசு சொல்வீங்கன்னு சொல்றாங்க. ஒரு பந்தயம் வச்சுக்குவோமா?"

"என்னா பந்தயம்?"

"மேல் டிவிசன்ல ஒங்களுக்குத் தெரியாத பொம்பளைங்க நாலு பேரக் கூட்டிட்டு வாரேன். நாலு பேருக்கும் பொறந்த கடுதாசி இருக்கு. மொதல்ல மூஞ்சியப் பார்த்து வயசு சொல்லுங்க. பொறகு எங்கள ஒரு மறைப்புக்குப் பின்னால விடுங்க, நானும் அஞ்சாவதா நிக்கிறேன். கைய மட்டும் நீட்டுவோம். கையப் பார்த்துச் சொல்லுங்க. கடுதாசி டிஸ்பென்சரையாகிட்ட இருக்கட்டும். மூஞ்சி சரியாச் சொல்லுச்சுன்னா என் பேர அன்னைக்கே வெட்டிருங்க. கை சரியாச் சொல்லுச்சுன்னா பட்டியல மாத்துங்க."

ஆட்கள் சுற்றிக் கூடியிருந்தார்கள். திறமையைச் சந்தேகித்துப் பேசிய பேச்சை நாலு பேருக்கு முன்னால் தட்டிக்கழிக்க நல்லமுத்துவால் முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம. பத்து மணிக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் கூட்டம் திருவிழா மாதிரி நின்றது. கொழுந்தெடுக்கும்போது சேலை கிழியாமல் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற சாக்குத்துணிக்குப் படங்கு என்று பேர். மூன்று படங்குகளைச் சேர்த்துத் தைத்துக் குறுக்கே கட்டி, கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் போட்டிருந்தாள் அம்மாக்கண்ணு. "மயினி, பந்தயத்துல தோத்தா இந்தப் படங்க நீதான் ஒட்டுப்போட்டுத் தரணும்" என்று சண்முகவடிவிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தாள்.

மேல் டிவிசன் பெண்கள் நாலு பேரும் ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்று போனார்கள். நல்லமுத்து நிதானமாகப் பார்த்தார். அறுபது என்றார், ஐம்பத்திரண்டு என்றார், நாற்பத்தைந்து என்றார், அறுபத்திரண்டு என்றார். கணேசமூர்த்தி எழுதிக்கொண்டார்.

பிறகு பெண்கள் படங்குக்குப் பின்னால் போனார்கள். உள்ளே இடம் மாறி நிற்கிற சத்தமும், "தள்ளு, தள்ளு" என்ற குசுகுசுப்பும் கேட்டது. கைகள் வெளியே வந்தன, உள்பக்கம் மேலே பார்க்க, தோள்வரை. முன்கைகளை மஞ்சள் துணியால் சுற்றியிருந்ததால் மலைவெயில் பட்ட பாகம் எதுவும் தெரியவில்லை.

ஐந்து கைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு கைகள் இருந்தன.

"யாரது ஆறாவது?" என்றார் நல்லமுத்து.

"இன்னொரு ஆளும் ஆசப்படுதுங்க. கையப் பார்த்துச் சொல்லுங்க, தெரிஞ்சுபோவும்" என்று படங்குக்குப் பின்னாலிருந்து சண்முகவடிவின் குரல் வந்தது.

நல்லமுத்து குனிந்து குனிந்து பார்த்தார். முதலில் ஏதோ விளையாட்டுக்குச் செய்கிற மாதிரிதான் செய்தார். இரண்டாவது கைக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தோலின் நெகிழ்வையும், உள்ளே ஓடுகிற நரம்பையும், மடிப்பு விழுகிற விதத்தையும் உண்மையாகவே கவனித்தார். சொல்லச் சொல்ல டிஸ்பென்சர் எழுதினார். நாலாவது கையைப் பார்த்து, "நாப்பத்தஞ்சு இருக்கும்" என்றார்.

நாலாவது கை உள்ளே போயிற்று. படங்கை விலக்கிக்கொண்டு சண்முகவடிவு வெளியே வந்து நின்றாள்.

கூட்டம் ஓ என்று கத்தியது. நல்லமுத்து அவளைப் பார்த்தார், தன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். பிறகு மிச்சக் கைகளைப் பார்க்கப் போனார். ஐந்தாவதையும் முடித்து ஆறாவதுக்கு வந்தார். அது மெலிந்த, நிறமான கை. முழங்கைக்குக் கீழே துணிச் சுற்றுக்கு வெளியே இரண்டு கண்ணாடி வளையல் தெரிந்தது.

"இது வெயில் படாத ஆளு மாதிரி இருக்கு. இருந்தாலும் தோலு லேசாத் தளர்ந்திருக்கு" என்றார். இப்போது அவருக்கே ஒரு உற்சாகம் வந்துவிட்டது. "முப்பத்தெட்டு. இல்ல, முப்பத்தொம்பது. அதுக்குக் கொறைய இருக்காது."

படங்குக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆறாவது கை உள்ளே போயிற்று. வெளியே வந்தது நல்லமுத்துவின் மனைவி நாகலெட்சுமி. தன்னுடைய தங்க வளையலைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அம்மாக்கண்ணுவின் கண்ணாடி வளையலைப் போட்டிருந்தாள்.

"சரியாத்தாங்க சொன்னீங்க" என்றாள். "வர்ற பங்குனிக்கு முப்பத்தொம்பது."

நல்லமுத்துவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. கணக்குப் போடுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. "கலியாணத்தப்ப ஒங்கப்பா..." என்று இழுத்தார்.

"அவரு ஆறு வயசு கொறச்சுச் சொன்னாரு. பதினாலு வருசமா தெனமும் என் மூஞ்சியப் பாக்குறீங்க, கண்டுபிடிக்கலையே! ஊர் வயசெல்லாம் மூஞ்சியப் பார்த்துச் சொல்லிருவேன்னு நீங்க சொல்றப்பல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்குவேன். இன்னைக்கு அடக்க முடியல."

கொட்டகை அதிர்ந்தது. நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டார். கோபப்படப் போகிறார் என்று சிலர் பின்வாங்கினார்கள். அவர் தோள் குலுங்கத் தொடங்கியபோதுதான், மனுஷன் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

கணேசமூர்த்தி பிறப்புப் பத்திரங்களைப் பிரித்து வாசித்தார். முகத்தைப் பார்த்து அறுபது என்ற பெண்ணுக்கு நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்று. நாற்பத்தைந்துக்கு முப்பத்தாறு. அறுபத்திரண்டு மட்டும் ஐம்பத்தேழு. கைகளில் மூன்று பேருக்கு இரண்டு மூன்று வயதுதான் முன்னே பின்னே. ஒருத்திக்கு மட்டும் ஏழு வயது தவறியிருந்தது. அவளுக்குச் சின்ன வயதில் பெரிய காய்ச்சல் வந்து உடம்பு உருகிப்போனதாம். "இதுவும் தராசு இல்ல. ஆனா மூஞ்சியைவிட நேர்மையானது" என்றார் டிஸ்பென்சர்.

நல்லமுத்து பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இத நான் தொரைகிட்டக் குடுக்கல. டிஸ்பென்சரையாவும் நானும் உக்காந்து புதுசா எழுதுறோம். விசாரிச்சு எழுதுறோம்" என்றார். பிறகு சண்முகவடிவைப் பார்த்து, "ஒனக்கு நாப்பத்தாறே போடுறேன்" என்றார்.

"நல்லா இருப்பீங்க" என்றாள். "அப்படியே எங்க வீட்டுக்காரரு வயசையும் சரிபண்ணிருங்க."

கூட்டத்தில் பின்னால் நின்ற பழனியாண்டி இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தான்.

"நாங்க ஒரே கூட்டத்துல ஒரே கப்பல்ல வந்தவங்க. நான் இடுப்புல இருந்தேன். இவரு நடந்து வந்தாரு. முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சுன்னு எங்காத்தா சொல்லும். ஆறு வயசு. நாப்பத்தொம்பதுன்னு போட்டுக்கோங்க."

"ஏ வடிவு, அத எதுக்கு இப்ப..."

"ஆளப் பார்த்தா நம்ப முடியாதுதான்" என்றார் நல்லமுத்து, பேனாவை எடுத்துக்கொண்டே. "ஆனா ஆளப் பாக்குறத நான் இன்னையோட விட்டுட்டேன்."

ஒரே காலையில் எட்டு வயது கூடிய பழனியாண்டி அன்றைக்கு மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

புதுப் பட்டியலில் ஒன்பது பெண்கள் ஐம்பத்தைந்துக்குக் கீழே வந்தார்கள். மூன்று பேர் உண்மையாகவே தாண்டியிருந்தார்கள், அவர்கள் பேர் வெட்டுப்பட்டது. அதில் ஒருத்தி, "எனக்கு எப்படியும் இடுப்பு வலிதான்" என்று சந்தோஷமாகவே போனாள். மற்ற இருவர் அழுதார்கள். சண்முகவடிவு இரண்டு பேர் வீட்டுக்கும் போய் வந்தாள். அவர்களுக்காக அவளால் வைக்க முடிந்த பந்தயம் எதுவும் இருக்கவில்லை.

சித்திரைக்குள் மலையில் பாதிப் பெண்கள் துணியை நெற்றிக்கு முன்னால் நீட்டிப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஏதோ பறவைக் கூட்டம் அலகை நீட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. நாகலெட்சுமி பழைய திரைச்சீலையைக் கிழித்து ஏழெட்டுப் பேருக்குத் தைத்துக் கொடுத்தாள். கங்காணிமார்கள் இதென்ன புதுக்கோலம் என்று கேட்டார்கள். கண்டாக்கு ஒன்றும் சொல்லாததால் அவர்களும் விட்டுவிட்டார்கள். சண்முகவடிவு பழனியாண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார விடாமல், அடுப்பைச் சுவரோரத்திலிருந்து ஜன்னல் பக்கம் மாற்றி மண் பூசவைத்தாள்.

டிஸ்பென்சர் சொன்னபடி கோடுகள் எதுவும் போகவில்லை. ஆனால் பனிக்காலத்தில் வழக்கமாக வெடிக்கிற உதடும் கன்னமும் அந்த வருடம் வெடிக்கவில்லை. கண்ணாடியை அவள் இப்போது அடிக்கடி எடுத்தாள். எடுத்துப் பார்த்துவிட்டு, திட்டாமல் மாட்டினாள்.

ஒருநாள் சாயங்காலம் முகத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பழனியாண்டி முனகினான். திரும்பிப் பார்த்தாள். குதிகால் இரண்டிலும் பாளம் பாளமாக வெடிப்பு. ஒன்றில் இரத்தம் கசிந்திருந்தது. வாட்டும் மாடியில் வெந்த காற்று ஊதிக்கொண்டே இருக்கும், மரத் தளமும் சூடேறிக் கிடக்கும். அதில் வெறுங்காலோடு இருபத்தேழு வருடம் நடந்திருக்கிறான். இத்தனை நாள் அதை அவள் பார்க்கவே இல்லை.

"அடப் பாவி மனுசா, சொல்லக்கூடாதா?"

"என்னத்தச் சொல்றது. நிழல்ல இருக்கிறவன்னு ஊரெல்லாம் பேரு வாங்கிட்டேன்."

வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றி அவன் காலைப் பிடித்து உள்ளே வைத்தாள். ஊறியதும் துடைத்து, ஈரம் இருக்கும்போதே எண்ணெயைத் தேய்த்தாள். வெடிப்பில் எண்ணெய் பட்டதும் பல்லைக் கடித்தான்.

"மூஞ்சி மட்டும் நாப்பத்தொண்ணு" என்றாள். "காலுக்கு எப்படியும் எழுவது இருக்கும் மாமா."

"கண்டாக்கையா காதுல விழுந்துறப்போவுது. இதுக்கும் ஒரு பட்டியல் போட்டுருவாரு."

சுவருக்கு அந்தப்பக்கம் அம்மாக்கண்ணு சிரித்தாள். "மயினி, எண்ணெய் மிச்சமிருந்தா இங்கிட்டும் குடு. எங்க வீட்டு ஆளு காலையும் ஒருக்காப் பாத்துருவோம்."

"முடியட்டும், தாரேன்" என்று சொல்லிவிட்டு, சண்முகவடிவு அவன் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.